படிப்பைப் பாதியில் விட்டவர் தென்னாப்பிரிக்காவில் சொத்து சேர்க்க: படிப்படியாக ஒரு வழிகாட்டி

கல்லூரியை முடிக்காமல் டர்பனில் வசதியாக வாழ முடியுமா என்று என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் பிறந்து வளர்ந்து, யூனிவர்சிட்டியை நடுவில் விட்ட பிள்ளைகள் ஒரு வகை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கல்யாணமாகியோ வேலை தேடியோ வந்து, பாதிப் படிப்பின் மதிப்பெண் பட்டியலோடு நிற்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. பொறியியலில் இரண்டாம் ஆண்டைத் தாண்டாதவன். இன்று ஃபீனிக்ஸில் எலெக்ட்ரிகல் கான்ட்ராக்ட் கம்பெனி நடத்துகிறேன், வாடகைக்கு விட்ட வீடுகளும் உண்டு. நடுவில் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி, எந்தக் காகிதம் முதலில், எது பிறகு என்று தெரியாததால் வந்தது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு பேச்சை ஒதுக்கிவிடலாம். "பில் கேட்ஸ் படிப்பை விட்டவர்தானே?" ஆமாம், 1975இல் ஹார்வர்டை விட்டார். பள்ளியிலேயே புரோகிராம் எழுதிப் பழகியவர், அப்பா பெரிய வக்கீல். பிரிட்டோரியாவில் பிறந்த ஈலான் மஸ்க்கை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவர் பென்சில்வேனியாவில் பட்டம் வாங்கியவர், விட்டது ஸ்டான்ஃபோர்டின் ஆராய்ச்சிப் படிப்பை. இவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு சோபாவில் படுத்திருக்கும் தம்பிகளை எனக்குத் தெரியும். இந்த நாட்டில் பட்டம் இல்லாவிட்டால் ஒரு கதவு சாத்தும், அவ்வளவுதான். மற்ற கதவுகளில் வேறு சான்றிதழ்கள் கேட்பார்கள், அவற்றில் ஒன்றுகூடக் குறையக் கூடாது.

கட்டணங்கள் நான் அறிந்த அளவில் தந்திருக்கிறேன். பணம் கட்டும் நாளில் அந்தந்த அலுவலகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. வேலை செய்யும் உரிமை இருக்கிறதா

இங்கே பிறந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

வெளியிலிருந்து வருபவர்கள் கவனிக்க: விசிட்டர் விசாவில் வேலை செய்யக் கூடாது, உறவினர் விசாவிலும் கூடாது. "வாங்க, இங்கே வந்து மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்கக் குடிமகனையோ நிரந்தர வசிப்பாளரையோ மணந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் உள்நாட்டில் மாற்றிக்கொள்ள வழி உண்டு. மற்றவர்கள் திரும்பிப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டம் இல்லாதது உண்மையில் இடிப்பது இந்த இடத்தில்தான். 2024 அக்டோபரில் வேலை விசாவுக்குப் புள்ளி முறை கொண்டுவந்தார்கள். 100 புள்ளி வேண்டும். பட்டத்துக்கு 30 புள்ளி, முதுகலையோ அதற்கு மேலோ என்றால் 50. பட்டம் இல்லையென்றால் அந்த வரிசையில் பூஜ்யம். அதை ஈடுகட்ட ஆண்டுக்கு 9,76,194 ராண்டுக்கு மேல் சம்பளம் தரும் வேலை, குறைந்தது ஐந்தாண்டு அனுபவம், அரசின் நம்பகப் பட்டியலில் உள்ள கம்பெனி என்று எல்லாம் ஒன்றுசேர வேண்டும். கைத்தொழில்காரருக்கு இது எட்டாக் கனி. தொழில் விசாவுக்கு 5 மில்லியன் ராண்ட் முதலீடு காட்ட வேண்டும், ஆட்களில் 60 சதவீதம் உள்நாட்டவராக இருக்க வேண்டும். அவ்வளவு பணம் இருப்பவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஆக, நம்மில் பெரும்பாலோருக்கு வழி வாழ்க்கைத்துணை விசாதான். அதில் "வேலை செய்யலாம்", "தொழில் நடத்தலாம்" என்று தனியாகக் குறிப்பு எழுதி வாங்க வேண்டும். விசா கையில் வந்ததும் முதல் வேலை, அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பது. திருமணமாகி ஐந்து ஆண்டு முடிந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

தேவையான காகிதங்கள்: ஓராண்டோ அதற்கு மேலோ வசித்த நாடுகளிலிருந்து போலீஸ் சான்று, மருத்துவ அறிக்கை. இவை ஆறு மாதத்துக்குள் எடுத்தவையாக இருக்க வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இரண்டு வருஷம் வேலை செய்தவர்கள் அந்த ஊர்ச் சான்றை முதலில் கேளுங்கள். அதுதான் தாமதமாகும், அது வருவதற்குள் மற்றவை காலாவதியாகும். கட்டணம் அரசுக்கும், விண்ணப்பத்தை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,000 ராண்ட்.

கல்யாணம் பற்றி இரண்டு பொறிகள். கோயிலில் ஐயர் தாலி எடுத்துக் கொடுத்தால் மட்டும் அரசுக் கணக்கில் திருமணம் ஆகாது. அவர் பதிவு பெற்ற திருமண அதிகாரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்துறை அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் போய்ப் பதிய வேண்டும். அடுத்தது, இங்கே கல்யாணம் செய்பவர்கள் முன்கூட்டியே நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதாவிட்டால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. நாளை உங்கள் தொழில் விழுந்தால் மனைவியின் வீடும் சேர்ந்து போகும். கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்ற உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். மாமனாரிடம் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் எடுங்கள். தமிழ்நாட்டில் நடந்த கல்யாணத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது தனிக் கேள்வி. அதற்கு ஒரு வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது வீண் செலவு இல்லை.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராகவோ, குடும்பப் பெயர் இடம் காலியாகவோ இருக்கும். இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் எந்தக் கணினிப் படிவமும் நகராது. வங்கி, வரி அலுவலகம், கம்பெனிப் பதிவு, தேர்வு மையம் என்று நான்கு இடத்தில் நான்கு விதமாகப் பெயர் ஏறிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பழைய சான்றிதழில் உள்ளவரும் நீங்களும் ஒருவரே என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு சான்று வாங்கி வையுங்கள். இங்கே வந்தபின் காவல் நிலையத்தில் அஃபிடவிட் போடலாம், இலவசம். நகல்களுக்குச் சான்றொப்பமும் காவல் நிலையத்தில் இலவசமாகவே போடுவார்கள். பெரும்பாலான அலுவலகங்கள் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சான்றொப்பத்தை ஏற்காது, அதனால் மொத்தமாக ஒரு கட்டுப் போட்டு வைத்துக்கொள்வதில் பயனில்லை.

ஊர்ச் சான்றிதழ்களை சாக்வா என்னும் தகுதி ஆணையம் மதிப்பிட்டுக் கொடுக்கும். முடிக்காத பட்டப்படிப்பை அங்கே அனுப்பிக் கட்டணத்தைத் தொலைக்காதீர்கள், முடித்த படிப்புக்குத்தான் மதிப்பீடு. பிளஸ் டூ சான்றிதழை அனுப்புங்கள். ஐடிஐ அல்லது டிப்ளமா முடித்திருந்தால் அதையும் அனுப்புங்கள். பலர் ஐடிஐ படித்ததைச் சொல்லவே வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். இந்த ஊரில் அது முடிக்காத இன்ஜினியரிங்கைவிடப் பல மடங்கு பிரயோஜனம்.

3. ஒரு கைத்தொழில் சான்றிதழ்: இதுதான் உங்கள் பட்டம்

எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், டீசல் மெக்கானிக், ஏசி ஃபிட்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். நான் எலெக்ட்ரிகலை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அது. எலெக்ட்ரிகலுக்கு இன்னொரு சாதகம்: சட்டப்படி சிலரால் மட்டுமே கையெழுத்துப் போட முடிகிற வேலை அதில் இருக்கிறது. அடுத்த தலைப்பில் சொல்கிறேன்.

இலக்கு, டிரேட் டெஸ்ட் என்னும் செய்முறைத் தேர்வு. தேறினால் ரெட் சீல் சான்றிதழ். அங்கே போய்ச்சேர இரண்டு பாதை.

முதல் பாதை, அப்ரன்டிஸ். ஒரு கம்பெனியில் பதிவுசெய்த ஒப்பந்தத்தில் சேர்ந்து சில ஆண்டு வேலை பழகுவது, கூடவே கல்லூரியில் தொழிற்பாடம். டர்பனில் தெக்வினி, கோஸ்டல், எலங்கேனி ஆகிய அரசுத் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. முன்பு எல்லாரும் என்-1, என்-2, என்-3 என்று படித்தார்கள். அவற்றைப் படிப்படியாக மூடி, க்யூசிடிஓ என்னும் அமைப்பின் தொழில் தகுதிகளைக் கொண்டுவருகிறார்கள். ஆகவே "என்-3 சேர்ந்துவிடு" என்று மாமா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இந்த ஆண்டு எது நடக்கிறது என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டாவது பாதை, முன் அனுபவத்தை மதிப்பிடும் முறை. ஏற்கெனவே பல வருஷம் வேலை செய்தவர்களுக்கு ஏற்றது. அனுபவத்தைக் காகிதத்தில் நிரூபித்தால், குறையுள்ள இடத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்து டிரேட் டெஸ்டுக்கு அனுப்புவார்கள். இதில் தலைவலி, பழைய முதலாளிகளின் கடிதம். "இவர் நல்லவர், வல்லவர்" என்று எழுதிய கடிதம் செல்லாது. லெட்டர்ஹெட், சேர்ந்த தேதி, விட்ட தேதி, என்னென்ன வேலை செய்தார் என்ற பட்டியல் (போர்டு கட்டியது, மோட்டார் இணைத்தது, பழுது பார்த்தது என்று விவரமாக), கையெழுத்துப் போட்டவரின் பதவி, தொடர்பு எண் எல்லாம் வேண்டும். ஊரை விட்டு வந்தபின் அந்த முதலாளியைத் தொலைபேசியில் பிடித்து இதை வாங்குவது குதிரைக்கொம்பு. இன்னும் கிளம்பாதவர்கள் இப்போதே வாங்கிவிடுங்கள். செய்த வேலைகளின் புகைப்படங்களையும் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

தேர்வுத் தேதிக்கு மாதக் கணக்கில் காத்திருக்க நேரிடும். அந்த நேரத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் உதவியாளாகப் போங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் இந்த ஊர் வயரிங் பழக்கம், பொருள் வாங்கும் கடைகள், வாடிக்கையாளர் பேசும் முறை எல்லாம் அங்கேதான் பிடிபடும்.

பொறி: தெருவுக்குத் தெரு "ஆறு வாரத்தில் எலெக்ட்ரீஷியன்" என்று விளம்பரம். சேரும் முன் அந்த மையம் க்யூசிடிஓ அங்கீகாரம் பெற்றதா, எந்தத் தொழிலுக்குப் பெற்றது என்று எண்ணோடு கேட்டுச் சரிபாருங்கள். எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. கையெழுத்துப் போடும் உரிமை

டிரேட் டெஸ்ட் தேறியவர் நல்ல சம்பளக்காரர் ஆகலாம். பணக்காரர் ஆக இன்னொரு படி வேண்டும்.

இங்கே மின் இணைப்பு உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் சிஓசி என்னும் தரச்சான்று வேண்டும். வீடு கைமாறும்போது இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சான்று செல்லாது. அதாவது வீடு விற்கும் பலரும் யாராவது ஒருவரைக் கூப்பிட்டுப் புதுச் சான்று எடுத்தே ஆக வேண்டும். அந்தச் சான்றில் கையெழுத்துப் போட, தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவருக்குத்தான் உரிமை. பதிவில் மூன்று நிலை: சிங்கிள் ஃபேஸ் டெஸ்டர், இன்ஸ்டலேஷன் எலெக்ட்ரீஷியன், மாஸ்டர் இன்ஸ்டலேஷன் எலெக்ட்ரீஷியன். நீங்கள் குறிவைக்க வேண்டியது நடுவில் இருப்பது. அதற்கு இன்ஸ்டலேஷன் ரூல்ஸ் தேர்வு எழுத வேண்டும். சான்ஸ் 10142 என்னும் வயரிங் விதிநூலைக் கரைத்துக் குடித்தால் தேறலாம். பொறியியல் பாடம் கொஞ்சம் படித்திருந்தவர்களுக்கு இது கடினமில்லை. அந்த இரண்டு வருஷம் உதவிய ஒரே இடம் இதுதான் என்பேன்.

ஆள் பதிவு வேறு, கான்ட்ராக்டர் பதிவு வேறு. சொந்தமாகத் தொழில் செய்ய இரண்டும் வேண்டும். கான்ட்ராக்டர் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மறந்துபோனால் அந்த இடைவெளியில் செய்த வேலைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

பொறி: வீட்டைப் பார்க்காமலேயே சிஓசி எழுதித் தரச் சொல்லி ஏஜென்டுகள் வருவார்கள். காசு உடனே கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அந்தச் சான்றில் உள்ள பெயரை.

5. கம்பெனி பதிவு

முதல் பில் போடும் நிலை வரும்வரை கம்பெனி தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: ஆர்வத்தில் முதலில் கம்பெனி, லோகோ, விசிட்டிங் கார்டு. வேலையே இல்லாத கம்பெனிக்கும் ஆண்டுக் கணக்கு, வரிப் படிவம் எல்லாம் உண்டு.

நேரம் வந்ததும் கம்பெனிப் பதிவு அலுவலகமான சிஐபிசியின் தளத்தில் பிடிஒய் லிமிடெட் (தனியார் கம்பெனி) பதியுங்கள். பதிவுக்கு 125 ராண்ட், பெயர் ஒதுக்க 50 ராண்ட். மொத்தம் 175. இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள், தேவையில்லை. தென்னாப்பிரிக்க அடையாள எண் உள்ளவர்கள் பிஸ்போர்ட்டல் என்னும் அதன் இணையத்தளம் வழியாகச் சீக்கிரம் முடிக்கலாம். பாஸ்போர்ட் மட்டும் உள்ளவர்கள் சிஐபிசியின் மற்றொரு தளத்தில், சான்றொப்பமிட்ட நகலோடு போட வேண்டும், கூடுதல் நாள் பிடிக்கும். நான்கு பெயர்வரை கொடுக்கலாம், நான்கையும் கொடுங்கள். "முருகன் எலெக்ட்ரிகல்" மாதிரிப் பெயர்களை முன்பே யாராவது எடுத்திருப்பார்கள்.

பதிந்த பத்து வேலை நாளுக்குள் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரத்தைத் தனியாகப் பதிய வேண்டும். 2023இல் வந்த விதி. அது இல்லாமல் ஆண்டறிக்கையும் ஏறாது. ஆண்டறிக்கைக் கட்டணம், வரவு 1 மில்லியனுக்குக் கீழ் என்றால் 100 ராண்ட், 10 மில்லியன்வரை 450. ஆண்டுதோறும் கம்பெனி பதிந்த தேதி வந்ததும் 30 வேலை நாளுக்குள் போடுங்கள். தொடர்ந்து விட்டுவிட்டால் கம்பெனியையே பதிவிலிருந்து நீக்குவார்கள், வங்கிக் கணக்கும் முடங்கும்.

வங்கிக்கு முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும். மாமியார் வீட்டில் இருப்பவர்களுக்கு லைட்ஸ் பில் அவர் பெயரில்தான் வரும். அவரை அழைத்துக்கொண்டு போய், "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று அஃபிடவிட் வாங்குங்கள்.

6. சார்ஸ்: வரி அலுவலகம்

கம்பெனி பதிந்ததுமே வரி எண் தானாக வந்துவிடும். ஆனால் இணையத்தில் அந்தக் கணக்கைத் திறக்க, கம்பெனியின் பொறுப்பாளராக உங்களை அவர்கள் ஏற்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நியமனக் கடிதம் மூன்றிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இரண்டாம் தலைப்பில் பெயரைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

கம்பெனி வரி லாபத்தில் 27 சதவீதம். ஆண்டு நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை மதிப்பீட்டு வரி கட்ட வேண்டும். வரவு 20 மில்லியனுக்குக் கீழ் உள்ள சிறு கம்பெனிக்குச் சலுகை விகிதம் உண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பங்குதாரர் வேறு தனியார் கம்பெனியிலும் பங்கு வைத்திருந்தால் பொதுவாகச் சலுகை போய்விடும். மச்சான் கம்பெனியில் சும்மா ஐந்து சதவீதம் வாங்கி வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாட் 15 சதவீதம். கட்டாயப் பதிவுக்கான வரம்பு நீண்ட காலம் ஆண்டுக்கு 1 மில்லியன் ராண்ட் வரவாக இருந்தது. பட்ஜெட்டில் மாற்றக்கூடியது, நடப்பு வரம்பைப் பாருங்கள். வாட்டில் பலரைக் கவிழ்த்தது இதுதான்: கம்பெனியாக இருந்தால் பில் போட்ட காலத்துக்கான படிவத்திலேயே வாட் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று சார்ஸ் கேட்காது. வாட்டுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு வைத்து, பணம் வந்த அன்றே வாட் பகுதியைப் பிரித்து அதில் போடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து பக்கிக்கு (சிறு சரக்கு வண்டி) டயர் வாங்கக் கூடாது.

7. ஆள் வைக்கும்போது

ஒருவரைச் சேர்த்தாலும் யுஐஎஃப் என்னும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு வேண்டும். சம்பளத்தில் அவர் பங்கு 1 சதவீதம், உங்கள் பங்கு 1 சதவீதம். ஆண்டுச் சம்பளச் செலவு 5,00,000 ராண்டைத் தாண்டினால் திறன் வளர்ச்சி வரி இன்னொரு 1 சதவீதம். சம்பள வரிப் படிவம் ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள். நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, ஆண்டுதோறும் உயரும். எலெக்ட்ரிகல் துறைக்குத் தனிப் பேரக் குழு இருக்கிறது, அது இதைவிட அதிக விகிதம் வைத்திருக்கும். அதன் இன்ஸ்பெக்டர் சைட்டுக்கே வருவார்.

தொழிலாளர் இழப்பீட்டு நிதியில் பதிந்து "லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்" வாங்கி வையுங்கள். பெரிய சைட்டில் கேட்டைத் திறக்கும் முன் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான். வேலை கிடைத்தபின் விண்ணப்பித்தால் கடிதம் வருவதற்குள் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

8. யாரிடம் வேலை பிடிப்பது

வீடு வீடாகப் பிளக் மாற்றினால் வயிறு நிரம்பும், சொத்து சேராது. என் கணக்கில் பணம் திரண்டது இரண்டு இடத்தில். வீடு விற்கும் எஸ்டேட் ஏஜென்டுகளும் பத்திர வக்கீல்களும் ஒரு பக்கம். அவர்களுக்குச் சொன்ன நாளில் சிஓசி வேண்டும், ஒருமுறை தவறாமல் கொடுத்தால் அடுத்தடுத்து அனுப்புவார்கள். இன்னொரு பக்கம் அடுக்குமாடிகளின் பாடி கார்ப்பரேட், அதாவது வீட்டு உரிமையாளர் அமைப்பு. மாதாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் சிறு தொகைதான், ஆனால் மாதம் தவறாமல் வரும். வங்கி கடன் கொடுக்கும்போது விரும்பிப் பார்ப்பது அந்த மாதிரி வரவைத்தான்.

அரசு டெண்டர் வேண்டுமென்றால் மத்திய சப்ளையர் பட்டியலில் இலவசமாகப் பதியலாம். கட்டுமான வேலைக்கு சிஐடிபி என்னும் கட்டுமானத் தொழில் வாரியத்தின் தரநிலை வேண்டும், 1இல் தொடங்கி 9 வரை. முப்பது நாளில் பணம் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேல் தாங்கும் கையிருப்பு இல்லாவிட்டால் இறங்காதீர்கள், மேலே சொன்ன வாட் கணக்கு கழுத்தைப் பிடிக்கும்.

பி-பிபிஇஇ (கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம்) மதிப்பெண் பற்றிப் புதிதாக வந்தவர்களிடம் பெரிய குழப்பம் உண்டு. இந்த நாட்டு இந்தியர்கள் அந்தச் சட்டத்தின் பயனாளிகள்தான். ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். நேற்று வந்த நமக்கு அது பொருந்தாது. மனைவி இங்கே பிறந்தவர் என்றால் அவர் பெயரில் 51 சதவீதம் இருப்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான், அவர் உண்மையிலேயே முடிவெடுத்து லாபத்தில் பங்கு வாங்கினால். பெயருக்கு வைத்தால் அது ஃப்ரன்டிங், பத்தாண்டுவரை சிறை உள்ள குற்றம். சிறு கம்பெனிக்கு அஃபிடவிட் போதும், காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டாம். பொது விதியில் ஆண்டு வரவு 10 மில்லியன்வரை சிறு கம்பெனி. கட்டுமானத் துறைக்கு வரம்பு குறைவு, அதைப் பார்த்து எழுதுங்கள்.

சோலார் பற்றிக் கேட்காதவர் இல்லை. 2023இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது பேனல் மாட்ட ஆள் கிடைக்கவில்லை. 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்று பல மாதம் வரவில்லை. கடன் வாங்கிச் சரக்கு அடுக்கியவர்கள் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல வேலைதான், ஆனால் முன்பணம் வாங்கிப் பொருள் எடுங்கள். நகராட்சி இணைப்பு விண்ணப்பத்தில் பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்து வேண்டும் என்றால், அதற்கு ஒருவருக்குக் கட்டணம் கொடுங்கள். பட்டம் தேவைப்படும் வேலைக்குப் பட்டதாரியை அமர்த்திக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

9. சம்பாதித்ததை எங்கே வைப்பது

முதலில் இன்ஷூரன்ஸ். பக்கி, கருவிகள், பொதுப் பொறுப்பு மூன்றுக்கும் எடுங்கள். அதோடு சாஸ்ரியா என்னும் கலவரச் சேதக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். கலவரத்தில் வரும் சேதத்துக்குச் சாதாரண பாலிசி பணம் தராது, 2021 ஜூலையில் பல கடைக்காரர்கள் இதைக் கண்ணீரோடு தெரிந்துகொண்டார்கள்.

அடுத்தது வீடு. வாங்கும் விலை 12,10,000 ராண்டுவரை பத்திர மாற்று வரி கிடையாது, 2025 ஏப்ரலில் வைத்த வரம்பு. அதற்கு மேல் 3 சதவீதத்தில் தொடங்கி ஏறும். வக்கீல் கட்டணம், பாண்ட் (வீட்டுக் கடன்) பதிவுக் கட்டணம் இரண்டும் இதற்கு வெளியே, வாங்குபவர் தலையில். பத்திரப் பதிவு பீட்டர்மாரிட்ஸ்பர்கில் நடக்கும், எல்லாம் முடிய மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி ரேட்ஸ் பாக்கி இல்லை என்ற சான்றில்தான் பெரும்பாலும் இழுக்கும்.

சொந்தத் தொழில்காரருக்கு வங்கி கேட்பது: இரண்டு ஆண்டுக் கணக்கறிக்கை, சார்ஸ் மதிப்பீட்டு ஆணை, ஆறு மாத வங்கி அறிக்கை. நம் ஆட்கள் மாட்டுவது இங்கே. வரி மிச்சம் பிடிக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, அதே காகிதத்தை நீட்டி பாண்ட் கேட்கிறார்கள். வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு ஆண்டுக்கு முன்பே ஒழுங்கான சம்பளம் எடுத்து, வரியைக் கட்டி, அதைக் காட்டுங்கள். கம்பெனி பெயரில் குடியிருக்கும் வீட்டை வாங்காதீர்கள். விற்கும்போது சொந்த வீட்டுக்கான வரி விலக்கு கிடைக்காது.

ஃபிளாட் வாங்கினால் லெவி (மாதப் பராமரிப்புத் தொகை) எவ்வளவு, பாடி கார்ப்பரேட் கையில் பணம் இருக்கிறதா என்று கணக்கறிக்கையை வாங்கிப் படியுங்கள். விலை மலிவாக இருக்கும் ஃபிளாட்டில் லெவி வாடகையில் பாதியைத் தின்றுவிடும்.

மாதம் பத்து சதவீதம் தருகிறேன் என்று வாட்ஸாப்பில் வரும் எதிலும் போடாதீர்கள், அனுப்பியவர் கோயில் கமிட்டியில் இருந்தாலும் சரி. ஸ்டெலன்போஷிலிருந்து இயங்கிய மிரர் டிரேடிங் இன்டர்நேஷனலில் உலகெங்கும் மக்கள் போட்ட பிட்காயின் மதிப்பு 1.7 பில்லியன் டாலருக்கு மேல் என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் வழக்குப் போட்டது. யார் பணம் கேட்டாலும் இங்குள்ள நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையமான எஃப்எஸ்சிஏ கொடுத்த உரிம எண்ணைக் கேளுங்கள்.

10. எவ்வளவு காலம், எந்த மாதம்

விசா முதல் ரெட் சீல்வரை ஐந்தாண்டுக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். கம்பெனி தொடங்கி, வங்கி மதிக்கும் கணக்கு வர இன்னும் இரண்டு, மூன்று ஆண்டு. முதல் வாடகை வீடு அதற்குப் பிறகு. சீக்கிரம் ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் பாக்கெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்குள் பார்த்தால், டிசம்பர் நடுவில் பில்டர்ஸ் ஹாலிடே தொடங்கி ஜனவரி இரண்டாம் வாரம்வரை சைட்டுகள் மூடிக்கிடக்கும். அந்த மாதத்தில்தான் ஆட்களுக்கு போனஸ், பிறகு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீருடை. ஆகஸ்டிலிருந்தே இதற்கு ஒதுக்குங்கள். புரட்டாசியில் விரதம் இருந்தாலும் பில்களுக்கு விரதம் வைக்காதீர்கள். நவம்பர் கடைசிக்குள் எல்லா பில்லையும் அனுப்பி, டிசம்பர் முதல் வாரம் முழுக்கத் தொலைபேசியில் துரத்துங்கள். 12ஆம் தேதிக்கு மேல் அக்கவுண்ட்ஸ் அறையில் போனை எடுக்க ஆள் இருக்காது.